பெயர் யாருக்குச் சொந்தம்? - மைசூர் மைன்ஸிலிருந்து ஒரு காலாவதிக் கதை

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீசில் ஆணி அதிகம், வீட்டில் சின்னவளுக்குப் பரீட்சை. அதனால்தான்.

போன வாரம் சிட்னியிலிருந்து ஒரு அக்கா போன் பண்ணினாங்க. சாம்பியன் ரீஃப்ஸ்காரங்க. அவங்க அம்மா தவறி வருஷம் திரும்பப் போகுதாம். "தம்பி, உங்க சைட்டுல எங்க லைனு, வீட்டு நம்பரு, எங்கப்பா பேரு எல்லாம் இருந்துச்சே. பசங்களுக்குக் காட்டலாம்னு பார்த்தேன். தட்டினா ஏதோ சீட்டாட்ட விளம்பரம் வருது. இன்னாப்பா ஆச்சு?" என்று கேட்டாங்க.

2019லிருந்து இந்தக் கேள்வி எத்தனாவது தடவை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் பாதியைச் சொல்லி மீதியை முழுங்கிவிடுவேன். வெட்கம்தான் காரணம். இந்தத் தடவை முழுசாக எழுதி வைத்துவிடுகிறேன். கூடவே கொஞ்சம் சரித்திரமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

கொஞ்சம் கொசுவர்த்தி

புதுசாகப் படிப்பவர்களுக்காக. மைசூர் மைன்ஸ் என்றால் கோலார் தங்கவயல். இங்கிலீஷ்காரன் கேஜிஎஃப் என்று சுருக்கினான். வடஆற்காட்டு ஜனங்களுக்கு அது என்றைக்குமே மைசூர் மைன்ஸ்தான். குடியாத்தம், வேலூர், திருப்பத்தூர், சித்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி ரயிலேறிப் போன ஜனங்கள்தான் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கினார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். எங்கள் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். நைனா 31 வருஷம் கீழே வேலை பார்த்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் பாறையே அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். வேலை முடிந்து சங்கு ஊதி, ஆள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தால்தான் அன்றைக்கு அடுப்பில் சோறு இறங்கும்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த பூமி. மூடிய பிறகு ஊர் என்ன ஆகும்? பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போய் ராத்திரி திரும்பினார்கள். மீதிப் பேர் ஓசூர், சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று சிதறினார்கள். நான் அதற்கு முன்பே பொட்டி தட்டுகிற வேலைக்கு வந்து, கடைசியில் ஆக்லாந்தில் ஒதுங்கியவன்.

2004ல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு இணையதளம் ஆரம்பித்தோம். பெரிய நோக்கம் ஒன்றும் கிடையாது. லைன் வாரியாக, வீட்டு நம்பர் வாரியாக, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒரு பட்டியல். உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் அனுப்பினால் நாங்கள் ஏற்றுவோம். அவ்வளவுதான். ஆனால் அது வளர்ந்தது. "பதினேழாம் நம்பரில் இருந்தது எங்க சித்தப்பா, இப்ப மஸ்கட்ல இருக்காரு" என்று ஒருவர் எழுதுவார். அதைப் பார்த்து பதினெட்டாம் நம்பர்க்காரர் கனடாவிலிருந்து எழுதுவார். இருபது வருஷம் பேசாத குடும்பங்கள் அதில் பேசிக்கொண்டன. கூடவே பழைய போட்டோக்கள், கால்பந்து டீம் போட்டோ, ஸ்கூல் குரூப் போட்டோ. விபத்தில் போனவர்களின் பெயர்களுக்கு ஒரு பக்கம். அதை நைனாவும் அவர் கூட்டாளிகளும் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

இந்த மாதிரிப் பட்டியல் எந்த ஆபீசிலும் கிடைக்காது. கம்பெனிக்கும் சர்க்காருக்கும் எங்கள் ஆட்கள் நம்பர்தான். பெயரைப் பதிவு செய்கிறோம் என்று அவர்கள் வந்தபோதும் எங்களுக்கு நல்ல அனுபவம் இல்லை. 1930ல் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளிகள் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். திருடனைப் போல ரேகை வைக்க மாட்டோம் என்ற ரோஷம். தானாக முன்வந்து, பிரியமாகப் பெயர் எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரிந்து எங்கள் சைட்டில்தான். அதனால்தான் அது போனது இன்னும் உறுத்துகிறது.

என்ன நடந்தது?

2004 பிப்ரவரியில் டொமைன் பெயரைப் பதிந்தது எங்கள் நாலு பேரில் பெங்களூரில் இருந்த நண்பன். அப்போது இணையத்தில் பணம் கட்ட அவனிடம்தான் கிரெடிட் கார்டு இருந்தது. தொடர்பு முகவரியாகத் தன் ஆபீஸ் ஈமெயிலைக் கொடுத்தான். முதலில் ஐந்து வருஷம். 2009ல் நான்தான் சொன்னேன், "வருஷா வருஷம் என்னடா தொல்லை, பத்து வருஷத்துக்குக் கட்டிடு, நிம்மதி" என்று. ஒரு டொமைனை அதிகபட்சம் பத்து வருஷத்துக்குத்தான் எடுக்க முடியும். கட்டினான். நிம்மதியாகவும் இருந்தோம். நிம்மதியில் வந்த வினைதான் இது.

பத்து வருஷத்தில் நண்பன் மூன்று கம்பெனி மாறினான். அந்த ஆபீஸ் ஈமெயில் செத்து ஏழெட்டு வருஷம். கார்டும் மாறியாச்சு. 2019 பிப்ரவரி 11ஆம் தேதி பெயர் காலாவதியானது. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கின்றன, இல்லாத ஒரு முகவரிக்கு.

நான் பார்த்தது மார்ச் 20. பக்கத்தைத் திறந்தால் விளம்பரம். பதிவு நிறுவனத்துக்குப் போன் போட்டேன் (பெயர் வேண்டாம், எல்லோரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான்). அந்தப் பக்கம் பேசிய பெண் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"கணக்கு உங்கள் பெயரில் இல்லையே சார்."

"என் நண்பன் பெயரில் இருக்கு. அவன் ஈமெயில் இப்ப இல்லை. புது ஈமெயில் மாத்திக் கொடுங்க, உடனே பணம் கட்டுறேன்."

"அவருடைய அடையாள அட்டையை அனுப்பச் சொல்லுங்கள். கணக்கில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்."

இங்கேதான் நம் தமிழ்ப் பெயர் வந்து குறுக்கே நின்றது. 2004ல் அவன் பதிந்தபோது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலை, ஒரே ஒரு எழுத்தை, போட்டிருக்கிறான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, அதுவும் முன்னால் வருகிறது. அவர்களுடைய கண்ணுக்கு அது இரண்டு வேறு ஆட்கள். வெளிநாட்டில் இருக்கிற உங்களில் யாருக்கு இந்தக் கட்டத் தொல்லை வரவில்லை சொல்லுங்கள்! பேங்கில், ஏர்போர்ட்டில், ஆஸ்பத்திரியில் சிரித்துச் சமாளித்திருக்கிறோம். இங்கே சமாளிக்க நேரம் இல்லை. பள்ளிச் சான்றிதழ், பழைய ரசீது என்று அவன் ஒவ்வொன்றாக அனுப்ப, ஒவ்வொன்றுக்கும் "இரண்டு வேலை நாள்" ஆகும் என்று பதில் வந்தது. நடுவில் சனி, ஞாயிறு. அவர்கள் திருப்தியாகி ஈமெயிலை மாற்றிக் கொடுத்தபோது பெயர் ஏலத்தில் போய் வேறு ஆளிடம் சேர்ந்திருந்தது.

ஒரு சின்ன ஊர்க்காரர்களின் சைட் பெயரை யார் ஏலத்தில் எடுப்பார்கள் என்று நினைக்கலாம். அந்தப் பெயரில் கேஜிஎஃப் என்ற மூன்று எழுத்து இருந்தது. 2018 டிசம்பர் 21ஆம் தேதி என்ன படம் வந்தது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் பெயர் காலாவதியானது அதற்கு ஐம்பத்திரண்டு நாள் கழித்து. கூகிளில் எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டினால் அப்போது தாடிக்கார ஹீரோதான் வந்தார். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான். படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, மூன்று தடவை பார்த்தேன் :-) ஆனால் அந்த மூன்றெழுத்துக்கு விலை ஏறியிருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஒரு தரகர் மூலம் விசாரித்தபோது புது ஆள் கேட்ட தொகையில் எங்கள் லைனில் ஒரு காலத்தில் வீடே கட்டியிருக்கலாம்.

டொமைன் என்பது சொத்தா, வாடகையா?

தோற்றவன் புத்தகம் படிப்பான் என்பார்கள். நானும் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் இணையத்தில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மாவின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அவர்களுக்குச் சொல்லிப் பெயர் சேர்க்க வேண்டும். எங்கள் லைன் பட்டியல் மாதிரியேதான். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் இன்றைக்கு நாம் பயன்படுத்தும் டொமைன் பெயர் முறையை எழுதினார். 1985 மார்ச் 15ல் முதல் டாட் காம் பெயர் பதிவானது. சிம்பாலிக்ஸ் என்ற கணினிக் கம்பெனி அதை எடுத்தது.

அப்போது பெயர் இலவசம். காலாவதி என்ற பேச்சே இல்லை. 1995 செப்டம்பரில்தான் கட்டணம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு 100 டாலர், பிறகு வருஷத்துக்கு 50. பதிவு செய்யும் உரிமை அப்போது நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தது. 1998ல் ஐகான் என்ற அமைப்பு உருவாகி, 1999ல் பல கம்பெனிகள் போட்டிக்கு வந்த பிறகு விலை இறங்கியது.

நாம் "டொமைன் வாங்கினேன்" என்கிறோம். அந்தச் சொல்லே தப்பு. யாரும் வாங்குவதில்லை. குறிப்பிட்ட வருஷத்துக்கு வாடகைக்கு எடுக்கிறோம்.

மறதி நமக்கு மட்டும் வருவதில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட்டே பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்குப் பணம் கட்ட மறந்தது. ஹாட்மெயிலுக்குள் போக அந்தப் பெயர் வேண்டும், அதனால் பலரால் மெயில் திறக்க முடியவில்லை. மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலாளர் விஷயத்தைக் கண்டுபிடித்துத் தன் சொந்தக் கார்டில் 35 டாலர் கட்டினார். ஹாட்மெயில் திரும்ப வேலை செய்தது. பில் கேட்ஸ் கம்பெனிக்கு ஒரு நல்ல மனுஷன் கிடைத்தான். எங்களுக்குக் கிடைத்தது தரகர்.

இன்றைய விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள், உபயோகப்படும். டாட் காம் மாதிரிப் பெயர் காலாவதியானால் பதிவு நிறுவனத்துக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு. அதற்குள் அவர்கள் பெயரை அழித்தால், 30 நாள் மீட்புக் காலம். அபராதத்தோடு பழைய ஆள் மீட்கலாம். அதற்கப்புறம் ஐந்து நாள் கிடப்பில் கிடந்து, பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கேட்கும்போது எவ்வளவு தாராளமாக இருக்கிறது! ஆனால் பல நிறுவனங்கள் பெயரை அழிப்பதே இல்லை. அந்த 45 நாளுக்குள்ளேயே ஏலம் விட்டுப் புது ஆளுக்கு மாற்றிவிடும். அப்படி மாறினால் 30 நாள் மீட்புக் கதவு திறக்கவே திறக்காது. எங்களுக்கு நடந்தது அதுதான். 2013லிருந்து ஒரு விதி இருக்கிறது: காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முன்னால் ஒரு தடவை, ஒரு வாரம் முன்னால் ஒரு தடவை, காலாவதியான பின் ஐந்து நாளுக்குள் ஒரு தடவை தகவல் அனுப்ப வேண்டும். அவர்கள் அனுப்பினார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதது எங்கள் குற்றம். அதில் எனக்குப் பாதிப் பங்கு.

குத்தகை நம்ம ஊருக்குப் புதுசா?

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. குத்தகையைப் பற்றி மைன்ஸ்காரனுக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? எங்கள் ஊரே ஒரு குத்தகைப் பத்திரத்தில் பிறந்ததுதானே.

1802ல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் லெப்டினன்ட் நில அளவைக்காக அந்தப் பக்கம் வந்தார். உரிகம், மாரிக்குப்பம் கிராமத்து ஜனங்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைக் கேள்விப்பட்டு, நேரில் பார்த்து, ஒரு அறிக்கை எழுதி வைத்தார். அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஏறக்குறைய எழுபது வருஷம் கழித்து, மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் அந்த அறிக்கையைப் படித்தார். ராணுவத்தில் இருந்தவர். அவர் எங்கிருந்து பெங்களூர் வந்து குடியேறினார் தெரியுமா? இதே நியூசிலாந்திலிருந்து, இங்கே மாவோரிகளோடு நடந்த போரை முடித்துவிட்டு. நான் மைன்ஸிலிருந்து இங்கே வந்தேன், அவர் இங்கிருந்து அங்கே போனார் :-)

லவெல் 1873ல் மைசூர் அரசுக்கு மனுப் போட்டார். 1875ல் 20 வருஷக் குத்தகை உரிமை கிடைத்தது. உரிமை மட்டும்தான் கையில், பாறையைத் தோண்டப் பணம் இல்லை. இரண்டு வருஷத்தில் பெரஸ்ஃபோர்ட் என்ற ராணுவ அதிகாரியின் கூட்டத்துக்கு உரிமையைக் கைமாற்றினார். பிறகு லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. அவர்களும் போட்ட பணம் கரைந்து, மூட்டை கட்டலாமா என்று யோசித்த வேளையில்தான், 1880களின் நடுவில், பிளம்மர் என்ற சுரங்க கேப்டன் சாம்பியன் ரீஃப் தங்க ரேகையைத் தொட்டார். அதற்கப்புறம் நடந்ததுதான் நீங்கள் கேள்விப்பட்ட கதை. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம், கிளப், கோல்ஃப் மைதானம், குட்டி இங்கிலாந்து.

குத்தகைகள் முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். லண்டனில் ஒரு ஆபீசில் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் மறக்கவில்லை. 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962ல் மத்திய அரசு. 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட். பத்திரத்தில் பெயர் மாறிக்கொண்டே வந்தது.

அந்தப் பத்திரம் எதிலும் எங்கள் ஆட்களின் பெயர் கிடையாது. லவெல் சில வருஷமே வைத்திருந்த உரிமைக்கு, பெங்களூரில் இன்றும் லவெல் ரோடு இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை எல்லாம் துரைமார் பெயர்கள். மூணு தலைமுறை கீழே இறங்கினவனுக்கு லைன் வீட்டு நம்பர்தான். அந்த வீடும் கம்பெனி வீடு. சுரங்கம் மூடியபோது, எதற்கும் கைநாட்டோ கையெழுத்தோ போட்டுப் பழகியிருந்த எங்கள் பெரியவர்கள் எது நமக்குச் சொந்தம் என்றே தெரியாமல் நின்றார்கள். வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின.

ஆக, எங்கள் தலைமுறை கையில் முதல் தடவையாக ஒரு "குத்தகை" வந்தது. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து டாலர். படித்த பசங்க, கம்ப்யூட்டர் பசங்க. அதைக்கூடத் தேதி பார்த்துப் புதுப்பிக்கத் தெரியவில்லை. இந்த நினைப்புதான் என்னை ரொம்ப நாள் தூங்க விடவில்லை.

காலாவதியான ஒரு பெயரைத் தங்கவயல் மீட்ட கதை

புலம்பலோடு முடித்தால் நன்றாக இருக்காது. இன்னொரு பெயரைப் பற்றிச் சொல்கிறேன். இது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூனில் சென்னையில் "ஒரு பைசாத் தமிழன்" என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். ஒரு வருஷம் கழித்து அது "தமிழன்" ஆனது. சாதிக்கு எதிராக, பௌத்தத்துக்கு ஆதரவாக எழுதிய பத்திரிகை. அதன் வாசகர்கள் எங்கெங்கே இருந்தார்கள்? சென்னையில் மட்டும் இல்லை. பர்மா, தென்னாப்பிரிக்கா என்று கூலிக்குப் போன இடமெல்லாம். முக்கியமாகத் தங்கவயலில். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் பௌத்த சங்கங்கள் இருந்தன. பண்டிதர் 1914ல் காலமானார். அவர் மகன் கொஞ்ச காலம் நடத்தினார். பிறகு பத்திரிகை நின்றது. பெயர் காலாவதி.

1926ல் அதே "தமிழன்" என்ற பெயரில் பத்திரிகை திரும்ப வந்தது. எங்கிருந்து? கோலார் தங்கவயலிலிருந்து. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைப் புத்தகங்களாகவும் போட்டது. சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஒரு சமூகம், தன் கூலிக் காசில், சென்னையில் நின்றுபோன ஒரு பெயரைத் தன் ஊரில் புதுப்பித்தது.

அதுவும் பின்னால் நின்றது உண்மைதான். ஆனால் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய "தமிழன்" பிரதிகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1999ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து "அயோத்திதாசர் சிந்தனைகள்" பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் பண்டிதரைப் படிக்கிறார்கள் என்றால் காரணம் அந்தப் பிரதிகள். பெயர் இரண்டு தடவை செத்தது. எழுத்து பல பேர் கையில் இருந்ததால் பிழைத்தது.

வாரன் அறிக்கையும் அப்படித்தானே! எழுபது வருஷம் கழித்து ஒருவன் எடுத்துப் படிக்க அது எங்கோ இருந்திருக்கிறது.

நான் இத்தனை நாள் பெயருக்காக அழுதேன். எங்கள் தப்பு பெயரைத் தொலைத்ததில் மட்டும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே பெயர், ஒரே ஈமெயில், ஒரே ஆள் என்று கட்டி வைத்ததில்தான் பெரிய தப்பு.

மீட்டது எவ்வளவு?

பெயர் கிடைக்காது என்று தெரிந்த பிறகு உள்ளடக்கத்தைத் தேடினோம். ஹோஸ்டிங்கும் அதே கணக்கில் இருந்ததால் அதுவும் போயிருந்தது. இணைய ஆவணக் காப்பகத்தில் பாதிப் பக்கங்கள் இருந்தன. திறந்தால் எல்லாம் கொக்கி கொக்கியாக எழுத்து. 2004ல் நாங்கள் ஆரம்பித்தது திஸ்கி எழுத்துருவில். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், ஃபாண்ட் இறக்கினால்தான் படிக்க முடியும். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி புண்ணியத்தில் ஒவ்வொரு பக்கமாக யூனிகோடுக்கு மாற்றினோம். ஓசூரில் ஒரு அண்ணன் 2006ல் எல்லாப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கு அவரைக் கிண்டல் பண்ணினேன், "என்னண்ணே, இன்டர்நெட்டைப் போய் பிரிண்ட் எடுக்கறீங்க" என்று. இன்றைக்கு அந்த ஃபைல்தான் மூலப்பிரதி.

வீட்டு நம்பர் பட்டியலில் முக்கால்வாசி திரும்பக் கிடைத்தது. போட்டோக்களில் பாதிக்கு மேல் போயிற்று. விபத்தில் போனவர்களின் பக்கம் 2011ல் ஏற்றியது. காப்பகம் அதை எடுத்து வைக்கவில்லை, பிரிண்ட்டிலும் இல்லை. நைனா 2014ல் தவறிவிட்டார். அவர் கூட்டாளிகளில் இப்போது இருப்பவர் ஒருவர்தான், 84 வயசு, ஆண்டர்சன்பேட்டையில். போன் போட்டால், "நீ அப்பவே எழுதிக்கினியே நைனா, மறுபடியும் ஏன் கேக்கற?" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அலுக்காமல் சொல்கிறார். சில பெயர்கள் அவருக்கும் வரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

குடும்ப சைட், ஊர் சைட், சங்க சைட் என்று ஏதாவது வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்யுங்கள்:

1. டொமைன் யார் பெயரில், எந்த ஈமெயிலில் இருக்கிறது என்று பாருங்கள். ஆபீஸ் ஈமெயில் என்றால் உடனே மாற்றுங்கள்.

2. அந்த டொமைனிலேயே உள்ள ஈமெயிலையும் தொடர்புக்குக் கொடுக்காதீர்கள். டொமைன் செத்தால் அதுவும் சேர்ந்து சாகும்.

3. பதிவில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். இனிஷியல்காரர்கள் இரண்டு தடவை பாருங்கள்.

4. தானாகப் புதுப்பிக்கும் வசதியை மட்டும் நம்பாதீர்கள். கார்டு காலாவதியானால் அதுவும் காலாவதி. காலண்டரில் மூன்று பேர் குறித்து வையுங்கள்.

5. டொமைன் ஒரு இடம், ஹோஸ்டிங் ஒரு இடம், நகல் மூன்றாவது இடம். ஒரு பிரிண்ட்டும் எடுங்கள். சிரிக்காதீர்கள், நான் சிரித்தவன்தான்.

சிட்னி அக்காவுக்கு: உங்கள் லைன் கிடைத்துவிட்டது. வீட்டு நம்பரும் உங்கள் அப்பா பெயரும் இருக்கிறது, அண்ணனின் பிரிண்ட் புண்ணியம். ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். போட்டோ மட்டும் இல்லை. உங்களிடம் மூலப்படம் இருந்தால் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள் அக்கா.

இப்போது புதுப் பெயரில் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறோம். மூன்று நாட்டில் மூன்று குடும்பங்களிடம் சாவி இருக்கிறது. அடுத்த தேதி எனக்குத் தெரியும், என் பொண்ணுக்கும் தெரியும். யாரிடமாவது விபத்தில் போனவர்களின் பக்கத்தைச் சேமித்த நகல் இருந்தால், பழைய கம்ப்யூட்டர், பழைய சிடி எதிலாவது கிடந்தால், தயவுசெய்து அனுப்புங்கள். முழுசாக வேண்டாம். ஒரே ஒரு பெயர் இருந்தாலும் போதும்.

டிஸ்கி: புதுப் பெயரில் கேஜிஎஃப் என்ற மூன்றெழுத்து இல்லை. அதைச் சினிமாக்காரர்களே வைத்துக்கொள்ளட்டும். மைசூர் மைன்ஸ் என்று தாத்தா சொன்ன பெயர் எங்களுக்குப் போதும் :-)